இருபது நிமிட வெளிச்சம்

"டீச்சர், ரெடியா?" என்று சுவரில் இருந்த ஸ்பீக்கர் கேட்டது. "ரெடி" என்று பதில் போனது. டீச்சர் வாயையே திறக்கவில்லை.

ஆறு வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்பது டாக்டரின் கண்டிப்பான உத்தரவு. ஆஸ்பத்திரியில் பத்து நாள் தொண்டைக்குள் சுவாசக் குழாய் கிடந்ததில் குரல்நாண்கள் புண்ணாகித் தழும்பு விழுந்துவிட்டது. நாற்பது வாண்டுகளை ஒரே அதட்டலில் உட்கார வைத்த குரல் வெறும் காற்றாகிப் போனது. தினமும் கழுத்தில் இருபது நிமிடம் சிவப்பு வெளிச்சம் பாய்ச்சினால் புண் ஆறும், தழும்பு இளகும் என்றார்கள். நடுவில் ஒரு தடவை கத்தினாலும் போச்சு, ஆயுசுக்கும் ஊமைதான். "வீடு இப்பத்தான் நிம்மதியா இருக்கு" என்று கேலி செய்த கணவர் சமையலறைக்குப் போய் அழுதார். ஏழு வயது மகள் மட்டும் விடாமல் கேட்பாள்: "என்னை எப்பம்மா கூப்பிடுவே?"

அவள் இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருக்கிறாள். வெளியே நல்ல வெயில். இந்த அறைக்கோ ஜன்னல் கிடையாது. ஸ்பிரிட் வாசனையும் சூடேறிய பிளாஸ்டிக் வாசனையும் கலந்து மூக்கிலேயே நிற்க, இயந்திரத்தின் ரீங்காரம் நாற்காலி வழியாக முதுகெலும்பில் ஏற, நெற்றியையும் கழுத்தையும் பட்டைகள் அசையவிடாமல் பிடித்திருக்க, கறுப்புக் கண்ணாடியின் ஓரத்தில் சிவப்பு மட்டும் மெல்லக் கசிந்தது. பட்டைகளின் கொக்கி தலைக்குப் பின்னால். கையில் அவசரத்துக்கு ஒரு மணி பட்டன்.

நான்காம் நாள் மூலையில் யாரோ செருமினார்கள். இயந்திரம் என்று டீச்சர் நினைத்தாள். நேற்று ஒரு முணுமுணுப்பு. இன்று வார்த்தை.

அப்போதே பட்டனை அழுத்தியிருக்க வேண்டும். ஆனால் அது அவளுடைய குரல். குழாய் போடுவதற்கு முந்தைய, கணீரென்ற அதே குரல். வந்துவிட்டதா, நம் குரல் வந்தேவிட்டதா என்று பாவி மனசு ஒரு நிமிடம் பூரித்துப் போனது.

"இன்னும் கொஞ்சம் வெளிச்சம் வைங்க" என்றது குரல், அவள் காதுக்குப் பக்கத்தில்.

ரீங்காரம் ஏறியது. கழுத்து சுட்டது. டீச்சர் பட்டனை அழுத்தினாள்.

"என்ன டீச்சர்?" என்று ஸ்பீக்கரில் கேட்டாள், வெளியே இருந்து இயந்திரத்தை இயக்கும் டெக்னீஷியன்.

"ஒண்ணுமில்லம்மா. கை தவறிப் பட்டுடுச்சு" என்றது குரல்.

"அப்பவே கேட்கணும்னு நினைச்சேன், பேசுறீங்களே? பேசக் கூடாதுன்னு சொன்னாங்களே."

"இன்னைக்கு காலையில பார்த்துட்டு, பேசலாம்னு டாக்டரே சொல்லிட்டாரு. இன்னைக்கு இது போதும், நான் கிளம்புறேன்."

"அடடா, எவ்வளவு நல்லா இருக்கு உங்க குரல். பாப்பா, அம்மா பேசுறாங்க பாரு."

மறுபடி அழுத்தினாள். மறுபடி. யாரும் கேட்கவில்லை. இடது கையைத் தலைக்குப் பின்னால் விட்டுக் கொக்கியைத் தேடினாள். தொட்டாள். அங்கே ஏற்கெனவே விரல்கள் இருந்தன. ஐஸாகச் சில்லிட்ட விரல்கள். கொக்கியை இன்னொரு துளை இறுக்கின.

பிறகு மூலையில் சத்தம். அவள் கழற்றி வைத்த செருப்பை யாரோ மாட்டுகிறார்கள். கைப்பையின் ஜிப். கதவு.

ஒரு கோடு பகல் வெளிச்சம். மூடிக்கொண்டது.

ஸ்பீக்கர் இன்னும் திறந்தே இருந்தது. பெஞ்சிலிருந்து ஒரு குதி. ஓடிவரும் சின்னக் கால்கள்.

குழந்தை.

தொண்டை போனால் போகட்டும். ஆயுசுக்கும் ஊமையானாலும் சரி. டீச்சர் அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

காற்று. வெறும் காற்று.

"குட்டிம்மா" என்று ஸ்பீக்கரில் கூப்பிட்டது அவள் குரல். அவள் கூப்பிடுவது போலவே, கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து.

மகள் சிரித்தாள். எத்தனை நாளாகக் காத்திருந்த சிரிப்பு. "அம்மா, ஏன் உன் கை இவ்வளவு ஜில்லுனு இருக்கு?"

"இருட்டுல இருந்தேன்ல, அதான். வீட்டுக்குப் போனா சரியாயிடும்."

"அப்ப நானும் இன்னைக்கு சீக்கிரம் கிளம்புறேன் டீச்சர்" என்றாள் டெக்னீஷியன்.

டக். சிவப்பு அணைந்தது. பூட்டில் சாவி திரும்பியது. டீச்சர் திறந்த வாயோடு இருட்டில் கத்திக்கொண்டே இருந்தாள். ஸ்பீக்கரில் அவளுடைய செருப்பும் மகளுடைய செருப்பும் சேர்ந்து படியிறங்கின.