அடிக்காத போன்

காலை ஏழு மணிக்குத் தையல்காரி தன் இணையப் பக்கத்துக்குள் நுழையப் பார்த்தாள். பாஸ்வேர்டு தவறு என்றது. எந்தப் பேருந்து எங்கே வருகிறது என்று பயணிகளே போனில் எழுதிப் போடும் பக்கம். அவள் தொடங்கி வளர்த்தது. அதில் அவள் பெயரிலேயே யாரோ, 'இன்று பேருந்துகள் ஓடாது' என்று புளுகியிருந்தார்கள். வேலைக்கும் பரீட்சைக்கும் போக வேண்டியவர்கள் அவளை வசைபாடிக்கொண்டிருந்தார்கள்.

எட்டு மணிக்கு அக்கா வந்தாள். போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர். எத்தனை திருடர்களைப் பிடித்தாலும், வருகிறவர்களிடம் அம்மா காட்டுவது இந்தப் பக்கத்துக்காகப் பத்திரிகையில் வந்த தங்கையின் படத்தைத்தான். அக்காவுக்கு அதில் வயிற்றெரிச்சல். போதாக்குறைக்கு, நேற்று மாலை கூப்பிட்டபோது போனை எடுத்து, பேசாமலே வைத்துவிட்டாள் மகாராணி.

தையலறையில் தங்கையோடு அவள் புருஷனும், பக்கத்தைக் கூடச் சேர்ந்து நடத்தும் டீச்சரும் இருந்தார்கள்.

"பாஸ்வேர்டை மாத்த என்ன வேணும்?"

"என் நம்பருக்கு ஒரு கோட் வரும். மெசேஜா வரும், இல்லைன்னா போன்ல கூப்பிட்டுச் சொல்லும். நேத்து சாயங்காலம் மெசேஜ் வந்துச்சு. யாருக்கும் காட்டல."

"போனை யாராவது தொட்டாங்களா?"

"நேத்து மதியம் டீச்சர் மட்டும் தன் போன்ல சார்ஜ் இல்லைன்னு வாங்கி ஒரு கால் பேசினாங்க."

டீச்சர் சிரித்தாள். "கோட் வந்தது சாயங்காலம். அப்ப வீட்டுல இருந்தது இவர்தானே? பக்கத்தை மூடுன்னு தினமும் சண்டை."

"சோத்தை அடுப்புல தீய விட்டுட்டு பஸ்ஸைத் தேடினா கோவம் வராதா?" என்றான் புருஷன்.

அக்கா தங்கையிடம் திரும்பினாள். "நேத்து நான் கூப்பிட்டப்ப ஏன்டி பேசாம வச்சே?"

"நீ எப்பக்கா கூப்பிட்டே? நேத்து மதியத்துலேருந்து எனக்கு ஒரு போன்கூட வரலையே."

அக்கா தன் போனை எடுத்தாள். தங்கையின் நம்பரைக் கூப்பிட்டாள். மேசைமேல் தங்கையின் போன் கம்மென்று கிடந்தது. டீச்சரின் கைப்பைக்குள் மணி அடித்தது.

"இவளுக்கு வர்ற கால் எல்லாம் உங்களுக்கு வர்ற மாதிரி மதியமே திருப்பி விட்டுட்டீங்க," என்றாள் அக்கா. "மெசேஜ் இவளுக்கு வந்தாலும், கோட் சொன்ன கால் உங்களுக்குத்தான் வந்துச்சு. நேத்து என் காலை எடுத்துப் பேசாம வச்சதும் நீங்கதான். திருப்பி விட்டதை நிறுத்த இவ போன் மறுபடி கையில கிடைக்கணும். அதுக்குத்தான் காலையிலேயே ஆறுதல் சொல்ல வந்துட்டீங்க."

டீச்சரின் முகம் சிவந்தது. "விடியறதுக்குள்ள ஸ்டாப்புல நின்னு எழுதினது நான். படம் மட்டும் இவளோடதா?"

"முதல்ல 'பஸ் ஓடுது'ன்னு எழுதுங்க." அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். "அந்த எரிச்சல் எனக்கும் தெரியும். இதை நேத்தே கண்டுபிடிச்சிருக்கணும். பேர் வந்ததும் என் போனைக்கூட மதிக்கலைன்னு பொருமிட்டிருந்தேனே தவிர, என்னாச்சுன்னு இவளைக் கேட்கத் தோணல."