மணலுக்குள் வளையம்

என் தங்கைக்கு அப்போது ஒன்பது வயது. வீட்டில் எல்லோருக்கும் அவள் ‘வாலு’. இன்று அவள் இல்லை. இருந்திருந்தால் இந்தக் கதையை அவளே கைகளை ஆட்டி ஆட்டிச் சொல்லியிருப்பாள்.

அன்று பெரியப்பா எங்களைத் தம் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போனார். அங்கே பீரோ உயரத்துக்கு ஓர் எலக்ட்ரான் நுண்ணோக்கி நின்றது. அதை இயக்கப் புதிதாக ஓர் அக்கா சேர்ந்திருந்தார்.

“இதுக்குள்ள மணலை வெச்சு எலக்ட்ரானால அடிப்போம். சில மணல் லேசா ஒளிவிடும். அதைப் பிடிக்க உள்ளயே ஒரு கருவி இருக்கு,” என்றார் பெரியப்பா.

“அடிச்சா அழாதா?” என்றாள் வாலு.

“அழறதுக்கு அது என்ன நீயா?”

மணல் ஒட்டிய தட்டை உள்ளே வைத்துக் கதவை மூடினார். நாங்கள் பார்ப்பதற்காக உள்ளிருந்த கேமராவைப் போட்டார். ஓரத்துக் குட்டித் திரையில் தட்டு தெரிந்தது. பிறகு அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒளியைப் பிடிக்கும் கருவியை முடுக்கினார்.

பெரிய திரை முழுக்க வெள்ளை. சுண்ணாம்பு அடித்த சுவர்போல.

பெரியப்பா ஏதேதோ திருகிப் பார்த்தார். மாறவில்லை.

“காலையில இந்தக் கருவியைத் தொட்டது நீதானே?” அக்காவைப் பார்த்துக் கத்தினார். “பாழாக்கிட்ட! இனிமே இந்த மெஷின் பக்கமே வராத!”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெரியப்பா கத்தி நாங்கள் கேட்டதே இல்லை.

“நான் துடைக்க மட்டும்தான் செஞ்சேன், சார்…” அக்காவின் குரல் உடைந்தது.

வாலு நகர்ந்து போய் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் கேட்டாள்: “பெரியப்பா, மெஷினுக்குள்ள இருட்டா?”

“கும்மிருட்டு! அப்பத்தானே மணலோட ஒளி தெரியும்?”

“அப்போ குட்டித் திரையில தட்டு எப்படித் தெரியுது?”

பெரியப்பா குட்டித் திரையைத் திரும்பிப் பார்த்தார்.

“ஐயையோ… கேமராவோட விளக்கு!” என்றார் அக்கா. “அது நம்ம கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். கருவிக்குத் தெரியுமே!”

பெரியப்பா கேமராவை நிறுத்தினார். வெள்ளைச் சுவர் சட்டென்று கறுத்தது. அந்தக் கறுப்பில் ஒரு மணல் துகள் மெல்ல ஒளிர்ந்தது. அதற்குள் வளையம், வளையத்துக்குள் வளையம், அறுத்த மரத்தில் தெரிவதுபோல.

“அந்தத் துகள் கொஞ்சம் கொஞ்சமா வளர்ந்த தடம் இது,” என்றார் அக்கா. ஒரு மணலுக்குள்ளா இத்தனை!

“யார் அந்தக் கேமராவை அணைக்காம விட்டது?” என்று முணுமுணுத்தார் பெரியப்பா.

நாங்கள் மூவரும் அவரையே பார்த்தோம்.

“எங்களுக்குக் காட்டணும்னுதானே போட்டீங்க, பெரியப்பா,” என்றாள் வாலு மெதுவாக.

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றினார். “தப்பு என்னோடதும்மா. கேக்காம கத்திட்டேன்,” என்றார் அக்காவிடம். எழுந்து இடம் விட்டார். “வா, படத்தை நீயே எடு.”

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் ஓரமாக நகர்ந்து, நாற்காலியில் பாதியை வாலுவுக்குக் கொடுத்தார்.