இடப்பக்கத்துச் சீட்

பின் சீட்டில் பெல்ட் போடவில்லை என்று கார் கீச்சிட ஆரம்பித்தபோது அவள் குண்டனைத்தான் சந்தேகப்பட்டாள். திருட்டுப் பயல், மார்ப்பட்டையைக் கடித்துக் கழற்றிவிட்டானோ? திரும்பிப் பார்த்தாள். வலப்பக்கத்தில், பட்டையைக் கொக்கியில் மாட்டியது மாட்டியபடி, டாக்டர் போட்ட ஊசியில் கண் செருகி, நல்ல பிள்ளையாகப் படுத்திருந்தது நாய். எச்சரிக்கை விளக்கு எரிந்தது இடப்பக்கத்துச் சீட்டுக்கு. அங்கே யாரும் இல்லை.

ஊருக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள் அவள். சாவியைத் திருகுமுன் யார் பெல்ட்டையும் ஒருமுறை இழுத்துப் பார்க்காமல் விடமாட்டாள். வீட்டுக் காரில் மட்டும் ஒரே கேள்விதான். "குண்டனுக்குப் போட்டாச்சா?" மகள்தான் கேட்பாள். போன மழைக்காலத்தில், இதே காரில், கடைசியாகவும் அதைத்தான் கேட்டாள். "போட்டாச்சுடி" என்று சொல்லி இவள் வண்டியை எடுத்தாள். லாரி குறுக்கே வந்தது. நாய்க்கு ஒரு கீறல் இல்லை. மகளுக்குப் போட்டாச்சா என்று யாருமே கேட்டிருக்கவில்லை.

வண்டியை விற்றுத் தொலை என்று கணவர் தலைபாடாக அடித்துக்கொண்டார். இவளுக்குத்தான் மனசு வரவில்லை. மகள் வளர்த்ததில் மிச்சம் குண்டன் ஒருவன். அவனையாவது பத்திரமாக வீடு சேர்க்க வேண்டும்.

ஓரம் கட்டி மெக்கானிக்கைக் கூப்பிட்டாள்.

"அந்த சீட்ல வெயிட் இருந்தாத்தான்க்கா அடிக்கும். பை ஏதாவது வச்சிருக்கீங்களா?"

"ஒண்ணும் இல்லப்பா."

"அப்ப அடிக்காதேக்கா."

போனை வைத்தாள். இருட்டத் தொடங்கியிருந்தது. கூரையில் மழை பொரிந்துகொண்டிருக்க, வைப்பர் கண்ணாடியை இழுத்து இழுத்துத் துடைக்க, அடைத்த காருக்குள் ஈர நாயின் வாடை கனத்துக் கிடக்க, அதன் அடியிலிருந்து மெதுவாக இன்னொரு வாசனை எழுந்தது. மகளின் ஷாம்பூ.

கீச். கீச். கீச்.

குண்டன் விழித்துக்கொண்டான். வால் சீட்டில் தட்டியது. பட்டை விட்ட தூரத்துக்கு இடப்பக்கம் நகர்ந்து தலையைச் சாய்த்தான். தலை சீட்டில் படவில்லை. ஒரு சாண் மேலேயே நின்றது. மடி உயரம்.

அவள் கை கதவுப் பிடிக்குப் போனது. ஓடிவிடத் தோன்றியது. ஆனால் பெற்றவள், எங்கே ஓடுவாள்?

"உனக்குப் போட்டாச்சா, பாப்பா?"

பெல்ட் மெல்ல நீண்டது. க்ளிக்.

கீச்சொலி நின்றது. அப்பாடா என்று அழக்கூடத் தொடங்கினாள்.

வண்டி அசையவில்லை. ஆனாலும் பெல்ட் படாரென்று முன்னால் இழுபட்டது. எதையோ தாங்கி விறைத்தது. பாய்ந்து கொக்கியை அழுத்தினாள். வரவில்லை. மறுபடியும். வரவில்லை. கையின் மேல் சூடாக ஏதோ சொட்டியது.

பெல்ட் நடுங்கியபடி தாங்கிக்கொண்டே இருந்தது. இந்த முறை விடவில்லை.

அதற்குச் சற்று மேலே, ஒன்றுமில்லாத இடத்தில், குண்டன் எம்பி எம்பி ஒரு முகத்தை நக்கிக்கொண்டிருந்தான்.