கசக்காத சொட்டு

சோடாவில் விட்ட இரண்டு சொட்டும் கசக்கவில்லை. இருதயநாதன் தம்ளரை முகர்ந்து பார்த்தான். கிராம்பு வாசம் இருந்தது, ஆரஞ்சுத் தோலின் வாசம் இருந்தது. கசப்பை மட்டும் காணோம்.

விடியற்காலையிலிருந்தே வயிற்றைப் பிசைந்துகொண்டிருந்தது. ராத்திரி தின்ற பரோட்டாவின் வேலை என்று நினைத்துத்தான் அந்தச் சின்ன பாட்டிலை எடுத்தான். புதுச்சேரி ஓட்டல் ஒன்றின் பாரில் காக்டெயில் கலக்குகிற வேலை அவனுக்கு. சிறியாநங்கை இலையையும் ஆரஞ்சுத் தோலையும் கிராம்பையும் வோட்காவில் இருபது நாள் ஊறவைத்து அவன் வடிக்கும் பிட்டர்ஸுக்கு அங்கே தனி மவுசு. இரண்டு சொட்டு விழுந்தால்தான் காக்டெயிலின் தித்திப்பு அடங்கும். வயிறு முட்டத் தின்றவர்கள் சோடாவில் விட்டுக் குடித்து, ஏப்பம் விட்டபடி எழுந்து போவார்கள். இலை பெருமுக்கல்லில் அவன் வீட்டுக் கொல்லையிலேயே விளைந்தது. நாக்கில் பட்டால் மத்தியானம்வரை போகாத கசப்பு.

இன்னும் பத்து சொட்டு விட்டுக் குடித்தான். ஒன்றுமில்லை.

"ஏ மேரி, இத்த கொஞ்சம் நாக்குல வச்சிப் பாரு. சரக்கு கெட்டுப்போச்சு போலக்கீது."

கம்பெனி வேன் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. தோளில் பையோடு நின்ற சூசை மேரி தம்ளரில் விரலை விட்டு நக்கினாள். முகம் கோணிப்போயிற்று.

"அய்யய்யோ! கொடலே வெளிய வந்துடும் போலக்கீது. காலங்காத்தால வெளயாடிக்கினு இருக்கீங்களா? நான் போறேன். பாப்பாவ ஜல்தியா எழுப்பி ஸ்கூலுக்கு அனுப்புங்க."

வேன் போய்விட்டது. சுவர்க் கடிகாரத்தின் சத்தமும், கழுவாத பாத்திரத்தில் குழாய்த் தண்ணீர் சொட்டுகிற சத்தமும், கொல்லைக் கதவு காற்றில் லேசாக முனகுவதும் ஒவ்வொன்றாகக் காதில் ஏற, அவன் பாட்டிலை அப்படியே நாக்கில் கவிழ்த்தான். இனித்தது.

போன வருஷம் மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பச்சைமுத்துவைப் பாம்பு தீண்டியபோது, ஓடிவந்தவர்கள் முதலில் அவர் வாயில் திணித்தது சிறியாநங்கை இலையைத்தான். கசந்தால் பயமில்லை, இனித்தால் விஷம் ஏறிவிட்டது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. "வெல்லமாட்டம் கீதுடா, இன்னொரு பிடி குடு" என்று சிரித்தார் பச்சைமுத்து. கூட நின்ற ஒருவரும் சிரிக்கவில்லை.

கால்களைத் தடவிப் பார்த்தான். கைகளை. கழுத்தை. காயம் எதுவும் இல்லை. கட்டுவிரியன் கடித்தால் தடமும் தெரியாது, தூங்குகிறவனுக்கு வலியும் தெரியாது. ராத்திரி கரண்ட் போனதும் புழுக்கம் தாங்காமல் கொல்லைக் கதவோரம் பாய் விரித்துப் படுத்திருந்தான். அந்தக் கதவுக்கு வெளியே, பாம்பு அண்டாமலிருக்க வேலியோரம் வளர்த்த சிறியாநங்கைச் செடிகள். போன மாதம் ஓட்டலில் அதிகம் கேட்டார்கள் என்று வேரோடு பிடுங்கிக் கொண்டுபோனவனும் அவன்தான்.

அதே பாயில் மகள் பிரின்சியும் படுத்திருந்தாள். ஆறு வயது. போர்வைக்குள் இன்னும் எழவில்லை.

நூற்றெட்டுக்குப் போன் போட்டான். ஒரு பெண் எடுத்தாள். இமை கனத்தது. கதவு இரண்டாகத் தெரிந்தது.

"வணக்கம், எந்த ஊருங்க?"

பெருமுக்கல் என்றுதான் சொன்னான். வெறும் கொழகொழப்புதான் வெளியே வந்தது. எழுந்தான். முழங்கால் மடங்கியது. போன் கைநழுவியது.

ஊர்ந்தான். பாட்டிலோடு. பாய்வரை.

ஒருமுறை தெரியாமல் மூடியை நக்கிவிட்டு அரை நாள் அழுதவள் அவள். இப்போதும் அழவேண்டும். அது போதும். மாதாவே, அவளுக்குக் கசக்கட்டும்.

விரலை நனைத்தான். அவள் உதட்டில் வைத்தான்.

அழு. அழு கண்ணு.

பிரின்சி சப்புக்கொட்டினாள். கண்ணைத் திறக்கப் பார்த்தாள். இமை பாதிக்கு மேல் ஏறவில்லை.

"நல்லாக்கீதுப்பா. இன்னும்."

தரையில் கிடந்த போனில் அந்தப் பெண் எந்த ஊர், எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள். பிரின்சி நாக்கை நீட்டிக் காத்திருந்தாள்.