பாறை மறைத்த இடம்

காலையில் காட்டுக்குள் பேட்டரி மாற்றப் போன கோமதிநாயகம் மதியம் தாண்டியும் முகாமுக்குத் திரும்பவில்லை.

யானைகள் தோட்டங்களுக்கு இறங்குவதை முன்கூட்டியே அறிய, அவனும் உடன் வேலை பார்க்கும் பிரெசில்லாவும் அந்த மலைச்சரிவு முழுவதும் சென்சார்களை மரங்களில் கட்டியிருந்தார்கள். உடற்சூட்டோடு எது நடமாடினாலும் அருகிலுள்ள சென்சார் கண்டுகொள்ளும். செய்தி ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி முகாமுக்கு வந்துவிடும்.

பிரெசில்லா டேப்லெட்டைப் பார்த்தாள். ஓடைக்கரை சென்சார் காலையில் அவனைக் கண்டிருந்தது. அதன்பின் எதிலும் அவன் இல்லை. மேட்டுப்பக்கம் மட்டும் புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிர்ந்தன.

"யானைக் கூட்டம். ஓடையைப் பாத்துதான் இறங்குது," என்றார் வனக்காவலர் ஐயம்பெருமாள். "நாம முந்திக்கிடணும்."

"எங்கன்னு தேட, அண்ணாச்சி? எந்த சென்சார்லயும் ஆளக் காணோமே."

சொல்லி முடித்ததும் அவளுக்குப் பொறி தட்டியது. எதற்கும் தெரியவில்லை என்றால், எதுவும் பார்க்காத இடத்தில்தான் அவன் இருக்க வேண்டும். வரைபடத்தில் ஒவ்வொரு சென்சாரின் எல்லையும் ஒரு வட்டம். ஓடைக்குக் கிழக்கே, வட்டங்களுக்கு நடுவில் ஒரு சிறிய இடைவெளி இருந்தது. இருவரும் விரைந்தார்கள்.

அங்கே பிரம்புப் புதர்தான் இருந்தது. ஒரு காலடித் தடம்கூட இல்லை.

பிரெசில்லா சோர்ந்து திரும்பியபோது எதிரே கரும்பாறை ஒன்று வீடுபோல எழுந்து நின்றது. இந்தப் பக்கத்து மருதமரத்தில் அவளே கட்டிய சென்சார்.

"அண்ணாச்சி, படத்துல வட்டம் போட்டுட்டோம். ஆனா இந்த சென்சார் பாறையத் தாண்டி எப்படிப் பாக்கும்? அந்தப் பக்கம் போவோம்."

பாறையின் மறுபுறம், ஒரு பிளவுக்குள் கணுக்கால் வீங்கிக் கிடந்தான் கோமதிநாயகம்.

"கால் வழுக்கிட்டு. போன் ஓடையோட போயிட்டு," என்றான் வறண்ட குரலில். "கத்திப் பாத்தேன். தண்ணிச் சத்தத்துல யாருக்குக் கேக்கும்?"

அப்போது எங்கோ கிளை முறிந்தது. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. டேப்லெட்டில் இந்த இடம் இருட்டு.

அவனுடைய பையில் ஒரு புது சென்சார் இருந்தது. பிரெசில்லா அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஆலவேரைப் பிடித்துப் பாறைமேல் ஏறினாள். உச்சியில், மேட்டுப்பக்கம் பார்க்கும்படி கட்டிவிட்டுச் சறுக்கி இறங்கினாள். சிறிது நேரத்தில் திரையில் புதுப் புள்ளி ஒன்று பிறந்தது. பிறந்த உடனேயே ஒளிர்ந்தது.

"பக்கத்துலயே நிக்கு," என்றாள் மெதுவாக. "இப்பக் கிளம்பினா நேரா அதுங்க முன்னால போயி நிப்போம்."

மூவரும் பிளவுக்குள் ஒடுங்கினார்கள். யானை வாசம் மூக்கில் ஏறியது. சாம்பல் நிற முதுகுகள் பாறையை ஒட்டி நகர்ந்தன. ஒரு குட்டி நின்று துதிக்கையை நீட்ட, தாய் அதை இடித்துத் தள்ளிக்கொண்டு போனது.

புள்ளி அணைந்தது. கீழே, ஓடையோரப் புள்ளிகள் ஒளிரத் தொடங்கின.

"போயிட்டு," என்று மூச்சு விட்டார் ஐயம்பெருமாள். கோமதிநாயகத்தை முதுகில் தூக்கிக்கொண்டார்.

எலும்பு முறியவில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் பிரெசில்லா அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

மறுநாள் அவள் சரிவு முழுவதும் நடந்தாள். ஒவ்வொரு இடத்திலும் நின்று கையை ஆட்டி, திரையில் தான் தெரிகிறோமா என்று பார்த்தாள். தெரியாத இடங்கள் இன்னும் இரண்டு இருந்தன. வரைபடத்தில் சரியாக இருந்தால் போதாது, காட்டுக்குள் போய்ப் பார்த்துவிடவும் வேண்டும் என்று அவளுக்குப் புரிந்தது.