சேலம் போய் வந்த கத்திரிக்காய்

ஞாயிற்றுக்கிழமை காசியம்மாள் ஊரை விட்டுப் போகிறாள். அதை அவள் வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில்தான் சொன்னாள்.

“வெல போகாத செடி எதுக்குன்னு நாளைக்கு அப்பா எல்லாத்தையும் புடுங்கறாரு. ஞாயித்துக்கெழம ரயில்ல பெங்களூரு போறோம். அங்க கல்லு சுமந்தா கூலி தராங்களாம். நானும் சுமப்பேன்.”

கூட நடந்து வந்த தோழி அஸ்கரிக்கு எதுவும் பேச வரவில்லை. எப்போதுமே அவளுக்குப் பேச வராது. வகுப்பில் பெயர் கூப்பிட்டால் ‘உள்ளேன் ஐயா’ என்பதைக் கூடத் தன் சட்டைப் பொத்தானிடம் சொல்வாள். ஐயா இரண்டு முறை கூப்பிட்ட பிறகு, ‘வந்திருக்கா, வந்திருக்கா’ என்று காசிதான் பதில் சொல்ல வேண்டும். இனி யார் சொல்வார்கள்?

காசியின் அப்பா கருப்பண்ணனுக்கு, அவர்கள் ஊரான மொரப்பூரிலிருந்து இரண்டு மைல் தள்ளிக் கிணற்றுத் தோட்டம். முப்பது வரிசை கத்திரிச் செடி. காய் நன்றாகத்தான் காய்த்தது. ஆனால் ஊரில் வாங்க ஆள் இல்லை. அதனால் ரயிலேற்றிச் சேலம் மண்டிக்கு அனுப்பினார். போகும்போதே பாதி வாடிவிடும். கிடைப்பது ரயில் கூலிக்கே சரியாகப் போயிற்று.

மண்டியில் நூறு கூடை வந்து இறங்கும். யாருடையது என்று தெரிய வேண்டுமே. அதற்காகக் கூடையின் விளிம்பில் காசி ஒரு துணி கட்டி அனுப்புவாள். பச்சைத் துணி, வெள்ளைப் புள்ளி. அஸ்கரிக்குச் சின்னதாகிப்போன பாவாடையைக் கிழித்த துணி அது. வியாழக்கிழமை போன கடைசிக் கூடைக்கும் அதைத்தான் கட்டியிருந்தாள்.

அஸ்கரி ‘அத்தா’ என்று கூப்பிடும் அவள் அப்பா முனாப், ரயில் நிலையத்துக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். வாசலில் ஒரு கரும்பலகை. அதில் சுண்ணாம்புக் கட்டியால் ‘சேலத்துக் காய்கறிச் சாப்பாடு’ என்று எழுதியிருக்கும். ரயில் ஏறி வந்த காய் என்றால் அதற்கு ஒரு மதிப்பு என்று அவர் நம்பினார். ஊர்க் காயை யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே தின்பார்களே, அதற்கு எதற்குக் கடைக்கு வருவார்கள் என்பது அவர் கேள்வி. கருப்பண்ணன் ஒருமுறை கூடையோடு வந்து நின்றபோதும் இதைத்தான் சொல்லி அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது அஸ்கரி மெல்ல வாயைத் திறந்தாள். காசி வீட்டுக் காயை நாம் வாங்கினால் என்ன என்று கேட்டாள். அத்தா சிரித்துவிட்டு, பிள்ளைகளுக்குக் கடை விஷயம் வேண்டாம் என்றார். அதோடு பேச்சு முடிந்தது. அஸ்கரி தட்டில் இருந்த சோற்றை ஓரத்துக்கு ஒதுக்கி வைத்தாள்.

சனிக்கிழமை காலைப் பாசஞ்சரில் வியாபாரி முனியப்பன் வழக்கம்போல் சேலத்துக் காய்கறியோடு வந்து இறங்கினார். கூடைகளைக் கடைக்குள் வைத்துவிட்டு டீ குடிக்க உட்கார்ந்தார். மதியத்துக்கான தால்சாப் பருப்புக் குழம்புக்குக் கத்திரிக்காய் நறுக்க வேண்டும். அஸ்கரியும் அம்மாவும் ஒரு கூடையைக் கொட்டினார்கள். பாதிக் காய் சுருங்கிக் கிடந்தது. அழுகிய பகுதியை அம்மா வெட்டி எறிந்துகொண்டே இருந்தாள்.

காலிக் கூடையை நகர்த்தப் போன அஸ்கரி அப்படியே நின்றுவிட்டாள்.

விளிம்பில் பச்சைத் துணி. வெள்ளைப் புள்ளி.

அம்மாவும் பார்த்தாள். “ஏண்டி, இது உன் பழைய பாவாடையாச்சே?”

அஸ்கரி கூடையைத் தூக்கிக்கொண்டு நேராகக் கல்லாப் பெட்டிக்கு முன்னால் போனாள். பெஞ்சியில் ஐந்தாறு பேர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் அவளையே பார்த்தார்கள். காது சுட்டது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரே ஒரு நாள்தான் இருந்தது.

“அத்தா, இது சேலத்துக் காய் இல்ல. காசி வூட்டுக் காய். இந்தத் துணிய அவதான் வியாழக்கெழம கட்டுனா.”

அத்தா துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு முனியப்பனைப் பார்த்தார்.

“எனக்கென்னங்க பாய் தெரியும்? மண்டியில ஏலம் உட்டாங்க, எடுத்தாந்தேன். கத்திரிக்காயி எந்த ஊருன்னு பேசுமா?” என்றார் முனியப்பன்.

பெஞ்சியில் இருந்த ஒருவர் இட்லியைப் பிட்டபடியே சொன்னார்: “இங்க வெளஞ்சது சேலத்தச் சுத்திப் பாத்துட்டு இங்கயே வந்திருக்குது. நான் இன்னும் சேலமே பாக்கல பாய்.”

கடை முழுக்கச் சிரித்தது. அத்தா மட்டும் சிரிக்கவில்லை. அம்மா வெட்டி எறிந்த அழுகல் குவியலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு துணியை அவிழ்த்து எடுத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார். அஸ்கரி பின்னால் ஏறிக்கொண்டாள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது தோட்டம் தோட்டமாக இல்லை. பிடுங்கிய செடிகள் வேரோடு குவிந்து கிடந்தன. இலை தொங்கிவிட்டது. அந்தச் செடிகளில் இன்னும் பிஞ்சுகள் இருந்தன. காசி மண் படிந்த கையோடு அடுத்த செடியைப் பற்றியிருந்தாள்.

“புடுங்காத காசி,” என்று அஸ்கரி கத்தினாள். அவ்வளவு சத்தம் தன்னிடம் இருப்பது அவளுக்கே தெரியாது.

அத்தா துணியைக் காட்டி நடந்ததைச் சொன்னார். தினமும் காலையில் ஒரு கூடை வேண்டும் என்றார். கருப்பண்ணன் வரப்பில் உட்கார்ந்தார்.

“நேத்து வந்திருக்கக் கூடாதுங்களா பாய்?” என்றார்.

அத்தா தலை குனிந்தார்.

மிச்சம் எத்தனை என்று காசி எண்ணினாள். பதினோரு வரிசை. பதினோரு வரிசையை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் எப்படி இருப்பது? கருப்பண்ணன் செடிகளைப் பார்த்தார். பிடுங்கிப் போட்ட குவியலைப் பார்த்தார். காசியைப் பார்த்தார்.

“அமாவாசை வரைக்கும் இருந்து பாக்கறோம். அதுக்கு மேல என்னால வாக்குக் குடுக்க முடியாது,” என்றார்.

அமாவாசைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ரயில் வந்தது, போனது. அஸ்கரி கடை வாசலில் நின்று கடைசிப் பெட்டி மறையும் வரை பார்த்தாள். அதில் காசி ஏறவில்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் காசி தலையில் கூடையோடு வந்தாள். காய்களில் பனி ஈரம் இன்னும் காயவில்லை. அம்மாவுக்கு வெட்டி எறிய ஒன்றும் கிடைக்கவில்லை. அத்தா ஈரத் துணியால் கரும்பலகையில் ‘சேலத்துக்’ என்பதை மட்டும் அழித்துக்கொண்டிருந்தார்.

அஸ்கரி கூடையைச் சுற்றிப் பார்த்தாள். விளிம்பில் ஒன்றும் இல்லை.

“துணி கட்டலையாடி?”

“எதுக்கு?” என்றாள் காசி. “யார் வூட்டுக் காயின்னு உனக்குத் தெரியாதா?”