சீலை உடுத்த குதிரை

அம்மன் கோயில் தேர்த் திருவிழா பார்க்க அன்று காலையில் நெடுந்தீவிலிருந்து நயினாதீவுக்குப் புறப்பட்ட மோட்டார் வள்ளம், நடுக்கடலில் இருமி இருமி நின்றுபோனது.

வள்ளக்காரர் பஸ்ரியாம்பிள்ளை இயந்திரத்தைத் தட்டிப் பார்த்தார். திட்டிப் பார்த்தார். அது அசையவில்லை. சோளகக் காற்று வள்ளத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. பலகை ஒன்று பிளந்து தண்ணீர் உள்ளே வரத் தொடங்கியது.

"இறையுங்கோ! எல்லாரும் தண்ணியை இறையுங்கோ!" என்று அவர் கத்தினார்.

வாளி ஒன்றுதான் இருந்தது. அன்னப்பிள்ளை மாமி, நேர்த்திப் பொங்கலுக்குக் கொண்டுவந்த புதுப் பானையை நீட்டினார்.

"இதையும் பிடியுங்கோ. அம்மாளாச்சி கோவிக்கமாட்டா. தன்ரை தேருக்கு வாற பிள்ளையளை அவ கைவிடவும் மாட்டா."

"எங்கடை அந்தோனியாரும் கைவிடமாட்டார். ஆனா ரெண்டு பேரும் முதல்லை தண்ணியை இறையுங்கோ எண்டுதான் சொல்லுவினம்!" என்றார் பஸ்ரியாம்பிள்ளை.

எல்லோரும் சிரித்துக்கொண்டே இறைத்தார்கள்.

வெயில் ஏற ஏறச் சிரிப்பு நின்றது. குடிக்கக் கொண்டுவந்த தண்ணீர் முடிந்தது. கரை தூரத்தில் கோடுபோலத் தெரிந்தது. கிட்ட வரவே இல்லை.

"இனி என்னாலை ஏலாது" என்று, அதுவரை இறைத்துக்கொண்டிருந்த அரியநாயகம் வாளியை வைத்துவிட்டுச் சாய்ந்தார். தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது.

பத்து வயதுச் சீதேவியின் மடியில் அவள் தம்பி விம்மினான். அவனைத் தேற்ற, வாயில் வந்த கதையைச் சொல்லத் தொடங்கினாள்.

"எங்கடை நெடுந்தீவு வெளியிலை திரியிற குதிரையளிலை ஒண்டுக்குத் தேர் பாக்க ஆசையாம். குதிரையை வள்ளத்திலை ஏத்துவினமே? அது கொடியிலை காய்ஞ்ச சீலையை எடுத்து உடுத்திக்கொண்டு துறைக்கு வந்ததாம்."

தம்பியின் விம்மல் நின்றது.

"வள்ளக்காரர், 'பேரென்ன அம்மா?' எண்டு கேட்டாராம். 'கொள்ளுப்பிள்ளை' எண்டதாம் குதிரை. 'ஏன் முகம் இவ்வளவு நீளம்?' 'பல்லுக்கொதி ஐயா. வீங்கிப்போச்சு!'"

அரியநாயகம் களுக்கென்று சிரித்தார். "பிறகு?" என்றபடி வாளியை எடுத்தார்.

கதையில், குதிரைக்குப் பக்கத்தில் இருந்த கிழவர் வெற்றிலைத் தட்டத்தை நீட்டினாராம். குதிரை தட்டத்தையும் சேர்த்தே தின்றதாம்! கதை ஓட ஓட, வாளியும் பானையும் ஓடின. தொண்டை வறண்டு சீதேவி நிறுத்தியபோது எல்லோரின் கைகளும் நின்றன.

அவள் அதைக் கவனித்தாள்.

"இறைச்சால்தான் மிச்சம் சொல்லுவன்!"

"பொல்லாத பிள்ளை!" என்று அன்னப்பிள்ளை மாமி பானையை முக்கினார்.

சீதேவிக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் குதிரையின் சீலை அவிழப்போகிற இடத்தில் பயப்பட அவளுக்கு நேரம் இருக்கவில்லை. குரல் கம்மக் கம்மச் சொன்னாள். சீலைக்குள்ளிருந்து வால் எட்டிப் பார்த்ததும் வள்ளமே அதிரச் சிரித்தது.

அந்த நேரம் ஒரு மீன்பிடி வள்ளம் கிட்ட வந்தது.

"சிரிப்புச் சத்தம் கேட்டு வந்தனாங்கள். நடுக்கடலிலை என்ன கலியாணமோ?" என்று அதிலிருந்தவர்கள் கேட்டார்கள். நிலைமையைக் கண்டதும் உடனே கயிறு போட்டு இழுத்தார்கள்.

நயினாதீவுத் துறையில் மேளச் சத்தம் கேட்டது. தேர் இன்னும் வீதியில்தான் வந்துகொண்டிருந்தது.

"சொன்னனான்தானே!" என்று அன்னப்பிள்ளை மாமி கைகூப்பினார். அவர் கண்கள் நிறைந்தன.

ஆனால் ஒருவரும் இறங்கவில்லை.

"பிள்ளை, குதிரை பிடிபட்டுதோ, இல்லையோ?" என்று கேட்டார் அரியநாயகம்.

"ஓம், அதைச் சொல்லிப்போட்டு இறங்கு" என்றார் பஸ்ரியாம்பிள்ளை. கயிறு போட்டவர்களும் வந்து குந்திக்கொண்டார்கள்.

கரையிலிருந்து யாரோ மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள். சீதேவி ஒரு செம்பு மோரை ஒரே மூச்சில் குடித்தாள். பிறகு குதிரையைக் கரையேற்றினாள்.